லூபெக்கில் கழற்றிய செருப்பு

என் மச்சாள் வெறுங்காலோடு நிற்கிற படம் ஒன்றை அவருடைய கல்வெட்டில் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சிறிய புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். முன்னட்டையில் இறந்தவரின் முகம், உள்ளே தேவாரம், குடும்ப விபரம், தெரிந்தவர்கள் எழுதிய நினைவுகள். மச்சாளின் கல்வெட்டில் பதினாறாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஜெர்மனியில் லூபெக் என்ற பழைய நகரத்தின் வாசலில், பாரம் தாங்காமல் சரிந்து நிற்கிற இரண்டு தடித்த கோபுரங்களுக்கு முன்னால், நீலச் சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். காலில் பத்து விரலும் தெரிகின்றன. படத்துக்குக் கீழே "கோயில் என்று எண்ணிச் செருப்பைக் கழற்றிய வெள்ளை மனம்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

அந்தச் செருப்பைக் கழற்றியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது. ஊரில் என்னை ஐந்தாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். கடிதம் எழுதியிருக்கிறேன், கடைக்குத் துண்டு எழுதியிருக்கிறேன். இப்படி நாலு பேர் வாசிக்க எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபம் வந்தபடியால் எழுதுகிறேன்.

மச்சாள் என் கணவருக்கு மூத்த அக்கா, எனக்கு ஆறு வயது மூப்பு. நாங்கள் டென்மார்க்குக்கு வந்து வைலேயில் குடியேறிய நாளிலிருந்து எனக்கு வாய் அவர்தான். நாலு பேர் கூடின இடத்தில் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். டாக்குத்தரிடம் போனாலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும், மச்சாள் முன்னுக்கு நடப்பார், நான் அவருடைய கைப்பைக்குப் பின்னால் நிற்பேன். அவருக்கும் டெனிஷ் பெரிதாக வராது. ஆனால் தெரிந்த இருநூறு சொல்லை இரண்டாயிரம் போலச் சத்தமாகப் பேசுவார். ஊரில் பத்தாம் வகுப்புச் சோதனை பாஸ் பண்ணினவர். இங்கே கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் ரப்பர் பூட்ஸோடு நின்றார். அங்கே மேலாளர் ஒருவன் தமிழ்ப் பெண்களைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தபோது, கையில் இருந்த கோழிக்காலை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, "இதை உன்ர மனிசியிட்டக் குடுத்து அவிச்சுத் தின், வாய்க்கொழுப்புக் குறையும்" என்று தமிழிலேயே சொன்னாராம். அவனுக்குச் சொல் விளங்கவில்லை, கருத்து விளங்கிவிட்டது. இந்த மனுஷியைத்தான் கல்வெட்டில் "ஐரோப்பிய நாகரிகம் அறியாத பாமரப் பெண்மணி" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

எழுதியவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். எல்லோரும் மாஸ்ரர் என்று கூப்பிடுவோம். ஊரில் ஒன்றரை வருடம் படிப்பித்தவர், அந்த ஒன்றரை வருடத்தை நாற்பது வருடமாக இழுக்கிறார். பதினேழு வருடத்துக்கு முன் கோடையில் சங்கம் ஒரு பஸ் பிடித்து லூபெக்குக்கு ஒருநாள் சுற்றுலா போனது. மாஸ்ரர்தான் வழிகாட்டி. அந்த நாளைப் பற்றித்தான் பதினாறாம் பக்கம். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்காக அந்த ஒரு பக்கத்தை மட்டும் டெனிஷிலும் போட்டிருக்கிறார்கள். மற்றப் பக்கங்களில் மச்சாள் தொழிற்சாலையில் பட்ட பாடும், மூன்று தம்பிமாரை ஊரிலிருந்து டென்மார்க்குக்குக் கூப்பிட்டு எடுத்ததும் இருக்கின்றன. அவை தமிழில் மட்டும். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் அம்மம்மா யார் என்றால் செருப்பைத் தொலைத்துவிட்டு முழுசிக்கொண்டு நின்ற ஒரு கிழவி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. விடியவே வைலேயில் ஏறினோம். எல்லை கடக்கும்போது இடியப்பப் பெட்டி திறந்து பஸ் முழுக்கச் சம்பல் வாசம். நகரத்துக்கு வெளியே இறக்கிவிட்டு, பின்னேரம் ஐந்து மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டான். வெயில் என்றால் ஊர் வெயில். செங்கல் வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றன. மாஸ்ரர் ஒரு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "முதல்ல பெரிய வேதக்கோயில் பாக்கிறம், எல்லாரும் என்ர குடையைப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்று கத்தினார்.

வேதக்கோயில். எங்கள் பேச்சில் அதுதான் சொல். கிறிஸ்தவர்களின் கோயில் வேதக்கோயில். ஊரில் நேர்த்திக்கு மாதா கோயிலுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்போம். அங்கே வேதக்காரரும் அப்படித்தான் செய்வார்கள். டென்மார்க்கிலும் இரண்டு மூன்று தடவை சேர்ச்சுக்குப் போயிருக்கிறேன், எல்லாம் பனிக்காலம், காலில் பூட்ஸ், பக்கத்தில் மச்சாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். அன்றைக்கு மச்சாள் யாரோடோ கதைத்தபடி முன்னால் போய்விட்டார். எனக்கு முன்னால் வானம் முட்ட இரண்டு கூர்க் கோபுரம். காதுக்குள்ளே கோயில் என்ற சொல். கால் தன் பாட்டில் கழற்றிவிட்டது. ஓரமாக, மற்றவர்களுக்கு இடறாமல், சோடியாகச் சுவரோடு சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். இதில் என்ன பாமரம் இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மரியாதை தெரிந்தவள் செய்கிற காரியம் அது.

உள்ளே ஒரு மூலையில் உடைந்த மணிகள் கிடந்தன. இரண்டாம் உலகச் சண்டையில் குண்டு போட்டு எரிந்தபோது கோபுரத்திலிருந்து விழுந்தவையாம். விழுந்த இடத்திலேயே, உடைந்தபடியே விட்டு, கம்பிக் கதவு போட்டு வைத்திருக்கிறார்கள். சனம் வந்து நின்று பார்த்துவிட்டு மெதுவாகப் போகிறது. மச்சாள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றார். "இவங்கள் உடைஞ்சதையும் உடைஞ்சபடி வைச்சுக் காட்டுறாங்கள்" என்றார். "ஊரில குண்டு போட்டு எங்கட கோயில் மணி விழுந்த இடத்தில இப்ப என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்." மாஸ்ரரின் கட்டுரையில் இந்த மணிகளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அவருக்கு அங்கே செருப்புத்தான் தெரிந்தது.

வெளியே வந்தால் சுவரோரம் வெறுமையாக இருந்தது. யார் எடுத்தார்களோ, யார் குப்பை என்று ஒதுக்கினார்களோ தெரியாது. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடி நிக்கிறாய்?"

"செருப்பைக் காணேல்லை மச்சாள்."

"ஆர்ர செருப்பை?"

"என்ர."

மச்சாள் என் சேலைக் கரையைத் தூக்கிப் பார்த்தார். "எடி விசரி! இது லூபெக்கடி, எங்கட நல்லூர்க் கோயில் இல்லை." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்தது. பிறகு என் வலது காலைப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பெருவிரலில் வந்த புண் ஆறி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. விரலை எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, எடுக்காமல் தப்பினது. வீட்டுக்குள்ளேகூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்று தாதி திரும்பத் திரும்பச் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தவரே மச்சாள்தான்.

அவர் யோசிக்கவே இல்லை. தன் கறுப்புத் தோல் செருப்பை உதறி என் முன்னால் தள்ளினார். "போடு. கெதியாப் போடு." எனக்கு அது ஒரு விரற்கடை பெரிது. நான் போட்டு முடிக்கவும் குடையோடு மாஸ்ரர் வரவும் சரியாக இருந்தது. அவருக்குப் பின்னால் பஸ் சனம் முழுக்க.

"என்ன பிரச்சினை? ஆர்ர செருப்புத் துலைஞ்சது?"

நான் வாய் திறப்பதற்கிடையில் மச்சாள், "என்ர" என்றார். "கோயில் எண்டு நீங்கள்தானே மாஸ்ரர் கத்தினனீங்கள். கழட்டிப்போட்டுப் போனன்."

"அக்கா, அப்ப உடைக்கத் தேங்காயும் கொண்டுவந்தனீங்களோ?"

எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் அவருடைய வழுக்கையை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். "கொண்டுவந்தனான். உடைக்கிறதுக்குத்தான் நல்ல வழுவழுப்பான கல்லுத் தேடுறன். இப்ப கண்டிட்டன்."

அப்போது எழுந்த சிரிப்புத்தான் பெரிய சிரிப்பு. கட்டுரையில் தேங்காய் இருக்கிறது, கல் இல்லை. தான் சொன்ன பகிடியை மாஸ்ரர் அச்சடித்தார், வாங்கிக் கட்டினதை விழுங்கிவிட்டார்.

சனம் நடக்கத் தொடங்கியதும் நான் மச்சாளின் காதுக்குள் சொன்னேன், நான் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று. அவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "வாயைத் திறந்தியோ பார். உன்னைப் பாத்துச் சிரிச்சால் நீ ஒரு மாதத்துக்கு வீட்டு வாசலுக்கு வரமாட்டாய். என்னைப் பாத்துச் சிரிச்சால் நான் வட்டியோட திருப்பிக் குடுப்பன். பேசாமல் நட."

பேசாமல் நடந்தேன். கடைகளில் செருப்பு வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் எல்லாம் பூட்டு. சுற்றுலாக்காரருக்கான கடை ஒன்று மட்டும் திறந்திருந்தது, அதில் வாதுமை இனிப்பும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தமும்தான். "காந்தத்தைக் காலில ஒட்டேலுமோ எண்டு கேள்" என்றார் மச்சாள். தெருவெல்லாம் உருண்டைக் கல். வெயிலில் காய்ந்து கிடந்தது. ஒடுங்கின சந்துகளுக்குள்ளே குனிந்து போய்ப் பழைய சின்ன வீடுகளைப் பார்த்தோம், கப்பல் முதலாளிகளின் உயர்ந்த வீடுகளைப் பார்த்தோம், ஆற்றங்கரையில் உப்புச் சேர்த்து வைத்த மண்டபங்களைப் பார்த்தோம். மாஸ்ரர் ஒவ்வொன்றுக்கும் முன்னால் நின்று நெடுநேரம் விளக்கம் சொன்னார். அவர் நிற்கிற நேரம் எல்லாம் மச்சாள் சேலையைச் சரிசெய்வது போல ஒரு காலை எடுத்து மற்றக் காலின் மேல் வைத்து நின்றார். நான் கண்டுகொண்டு, கல் சுடுகிறதா என்று கேட்டேன். "தீமிதிப்பை விடச் சுகமாக் கிடக்கு, நேர்த்தி ஒண்டும் வைக்காமல் போட்டன்" என்றார்.

மூன்று மணித்தியாலம் அப்படி நடந்தார். கட்டுரையில் மாஸ்ரர் எழுதியிருக்கிறார், "அக்கா வெறுங்காலோடு மெதுவாக நடந்ததால் படகுச் சவாரியைத் தவறவிட்டோம், ஆனாலும் யாரும் கோபிக்கவில்லை" என்று. படகு போனதற்குக் காரணம், அந்த இனிப்புக் கடையில் மாஸ்ரர் அரை மணித்தியாலம் நின்று ஒவ்வொன்றாகத் தின்று பார்த்தது. வாங்கினது ஒன்றுமில்லை. நாங்கள் எல்லோரும் வெளியே காத்து நின்றோம், மச்சாள் நிழல் விழுந்த ஒரு கல்லைத் தேடி அதில் நின்றார். கோபிக்கவில்லையாம்! யார் யாரைக் கோபிக்க வேண்டும்?

பஸ்ஸில் ஏறின பிறகுதான் செருப்பை அவரிடம் கொடுத்தேன். அவருக்குப் போட முடியவில்லை. அடிப்பாதம் முழுக்கக் கொப்புளம், ஒன்று வெடித்திருந்தது. அடுத்த நாள் திங்கட்கிழமை. அந்தக் காலை ரப்பர் பூட்ஸுக்குள் விட்டுக்கொண்டு மச்சாள் வேலைக்குப் போனார். என் விரல் இன்றைக்கும் என் காலில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அந்தக் கதை ஊர்க்கதை ஆகிவிட்டது. சாமத்தியச் சடங்கில், பிறந்தநாளில், கோயில் திருவிழாவில், மச்சாளைக் கண்டால் யாராவது ஒருவர் "அக்கா, செருப்புப் பத்திரம்!" என்பார். மச்சாள் உடனே ஏதாவது திருப்பிக் கொடுப்பார், எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் நான் தட்டோடு இருப்பேன். அறுபத்தைந்து வயதுக்குப் பிறகு அவருடைய பதில்கள் குறைந்தன. எழுபதுக்குப் பிறகு வெறுமனே சிரித்தார். கடைசி இரண்டு மூன்று வருடம் சிரிக்கவும் இல்லை, அவர்கள் நிறுத்தவும் இல்லை. ஒரு தடவை காருக்குள் ஏறினதும், "இந்தச் சனத்துக்கு என்னைப் பற்றிக் கதைக்க வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ" என்று கேட்டார். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மாஸ்ரரில் எனக்கு உள்ள கோபத்தில் பாதி எனக்குச் சேர வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

முப்பத்தோராம் நாள் வைலேயில் ஒரு மண்டபத்தில் சாப்பாடு. சாப்பிட்டு முடிய மாஸ்ரர் மைக்கைப் பிடித்துப் பதினாறாம் பக்கத்தை வாசித்தார். செத்த வீட்டுச் சாப்பாட்டில் சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. பேரப்பிள்ளைகள் டெனிஷ் பக்கத்தை விரலால் தொட்டு வாசித்துவிட்டுச் சிரித்தன. எனக்கு என்ன வந்ததோ தெரியாது, எழும்பிவிட்டேன். நடந்து போய் மைக்கைக் கேட்டேன். என் வாழ்நாளில் மைக்குக்கு முன்னால் நின்றது அன்றைக்குத்தான்.

"செருப்பைக் கழட்டினது மச்சாள் இல்லை" என்றேன். "நான். என்ர காலில புண் எண்டு அவ தன்ர செருப்பைக் கழட்டித் தந்திட்டு வெறுங்காலோட நடந்தவ. நான் வெக்கப்படுவன் எண்டு பழியையும் தான் எடுத்தவ."

சனம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். மாஸ்ரர் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"பாத்தியளோ சபையோரே! செத்துப்போன மச்சாளை ஆரும் குறைவா நினைக்கக் கூடாதெண்டு, அந்தப் பழியைத் தன்ர தலையில போட இந்த அக்கா மேடைக்கு வந்திருக்கிறா. இதல்லோ பாசம்! இதல்லோ எங்கட குடும்பப் பண்பு!"

கைதட்டினார்கள். எனக்கு! முன்வரிசையில் ஒரு மனுஷி சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். நான் மைக் இல்லாமல், "நான் பொய் சொல்லேல்லை மாஸ்ரர்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "தெரியும் அக்கா, தெரியும்" என்றார். அந்தத் தெரியும் என்ற சொல்லைக் கேட்டபோது, மச்சாள் சொன்ன தேங்காய் அன்றைக்கு என் கையில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. மச்சாள் செய்த நன்மைக்கு அவரை விசரியாக்கினார்கள். உண்மையைச் சொன்ன என்னை, அவர் செய்ததையே நான் செய்கிறேன் என்று சொல்லித் தெய்வமாக்கினார்கள். அவருடைய வெறுங்காலைத் திருடினது போதாது என்று, அவருடைய மனசையும் எடுத்து எனக்குப் போட்டுவிட்டார்கள்.

ஒரு கிழமை கழித்து மச்சாளின் மகள் ஓகூஸ் நகரத்திலிருந்து வந்தாள், நான் சமைத்துக் கொடுத்த சட்டிகளைத் திருப்பித் தர. தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு, திரும்பவும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். "ஓம் மாமி, ஓம்" என்று சொல்லிக்கொண்டு போனில் எதையோ பார்த்தாள். சின்னப் பிள்ளைகளின் கதையைக் கேட்கிறவர்கள் சொல்கிற ஓம். நான் விடவில்லை. "உன்ர அம்மா தன்ர கறுப்புச் செருப்பைக் கழட்டி என்ர காலுக்குக் கிட்டத் தள்ளினவ" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். "எந்தக் கறுப்புச் செருப்பு?"

"நீ முதல் சம்பளத்தில வாங்கிக் குடுத்தது."

"அது..." என்றுவிட்டு நிறுத்தினாள். "லூபெக்குக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனவ. அதை அம்மா என்ர கலியாணத்துக்கும் போட்டவ. படம் இருக்கு. கலியாணம் லூபெக் போய் ரெண்டு வருசத்துக்குப் பிறகு."

"துலைஞ்சிருந்தால் எப்பிடிப் போட்டிருப்பா, பிள்ளை?"

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாக, "டெனிஷில எழுதினது நான்தான், மாமி. பிள்ளையளுக்கு விளங்க வேணும் எண்டு நான்தான் இருந்து எழுதினனான்" என்றாள். குரல் மாறிக்கொண்டு வந்தது. "பதினேழு வருசம். எல்லாரும் அம்மாவைப் பகிடி பண்ணேக்க நீங்கள் பக்கத்தில இருந்து சோறு சாப்பிட்டனீங்கள். என்ர கலியாணத்திலயும் பண்ணினவை. நீங்கள் அங்கயும் இருந்தனீங்கள்."

"ஓம், பிள்ளை. இருந்தனான்."

"எப்பிடி மாமி உங்களுக்குத் தொண்டைக்குள்ள இறங்கினது?"

அவள் எழும்பினாள். தேத்தண்ணி தொடாமலே கிடந்தது. போட்டுவாறன் என்று சொல்லாமல், என் முகத்தைப் பார்க்காமல், கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். அவளுடைய கார் தெருவைக் கடக்கும் வரை நான் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். அழுகை வரவில்லை. மண்டபம் முழுக்கக் கைதட்டினபோது கிடைக்காதது, அந்தக் கதவுச் சத்தத்தில் கிடைத்தது. ஒருத்தியாவது என்னை நம்பிவிட்டாள்.